வடக்கு ஜன்னலில் வெயில் தேடியவர்

என் சித்தப்பா நூலகர். பழைய கட்டடத்தில் மேற்கு ஜன்னல் வழியே வந்த வெயில் ஒரு கலைக்களஞ்சிய வரிசையையே வெளுத்துவிட்டது. அந்தத் துக்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

புதிய கட்டடத்தை வடிவமைத்த இளம் பெண் பொறியாளர், பகலில் விளக்கே வேண்டாம் என்று வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல் வைத்தார். திறப்பு விழா முடிந்த மறுநாளே சித்தப்பா எட்டு அலமாரிகளையும் இழுத்து அந்த ஜன்னல்களை அடைத்துவிட்டார். புத்தகங்கள் பிழைத்தன. பட்டப்பகலில் இருபது விளக்குகள் எரிந்தன.

நான் மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து இறங்கிய வாரம், தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய கட்டடத்தைவிட அதிக மின்சாரம் செலவாகிறதாம். அடுத்த மாதமும் குறையாவிட்டால் ஐந்து மணிக்கே பூட்டிவிட வேண்டுமாம். அங்கே ஐந்துக்குப் பிறகுதான் கூட்டமே: வேலை முடிந்து வரும் தையல்காரர், மருந்துக்கடைப் பெண், தேர்வுக்குப் படிக்கும் நாலைந்து பேர். அவர்கள் முகத்தில் கதவைச் சாத்துவதை நினைத்து சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பழி மின்விசிறி மேல், மீட்டர் மேல், பொறியாளரின் வயது மேல்தான் விழுந்தது.

சித்திதான் கேட்டாள். "அந்த ஜன்னல்ல வெயில் வந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

"வராம எங்க போகும்?"

"அப்ப பிடிச்சுக் காட்டுங்க."

விடுமுறை நாளில் ஒரு அலமாரியை நகர்த்திவிட்டு, திருடனுக்குக் காத்திருப்பவர்போல ஜன்னலடியில் அகராதியோடு உட்கார்ந்தார். பத்து மணிக்கு வரும் என்றார். பன்னிரண்டுக்கு நிச்சயம் என்றார். மூன்று மணிக்கு, மேகமாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தார். வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அறை முழுக்க வெளிச்சம். வெயில் மட்டும் ஜன்னலுக்கு மேலே நீண்டிருந்த கூரையோடு நின்றுகொண்டது. அதற்குள் அவர் விளக்கே போடாமல் ககர வரிசையைப் படித்து முடித்திருந்தார்.

மறுநாள் தையல்காரரும் மற்றவர்களும் கைகொடுக்க, அலமாரிகள் நடுவே வெளிச்சம் பாயும்படி திரும்பி நின்றன. மாத முடிவில் மின்செலவு பாதியாகக் குறைந்தது. நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கலாம் என்று பதில் வந்தது. எப்படிச் சாதித்தீர்கள் என்று விளக்கமும் கேட்டிருந்தார்கள்.

சித்தப்பா ஒரு பக்கம் நிறைய எழுதினார். தொடக்கமே, 'நீண்ட கள ஆய்வுக்குப் பிறகு' என்றுதான்.

சித்தி வாங்கிப் படித்தாள். "அந்தப் பொறியாளர் பொண்ணைப் பத்தி ஒரு வரி எழுதுங்க."

"இடம் இல்லையே."

சித்தி தாளைத் திருப்பி, காலியாக இருந்த பின்பக்கத்தை அவர் முன் வைத்தாள். பேனாவை அவரே எடுக்கட்டும் என்று காத்திருந்தாள்.