லூர்து அக்கா வெட்டவிடாத கேள்வி

அந்தோணி அண்ணன் போன் செய்தபோது நான் விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். "அக்கா போயிடுச்சிம்மா. விடிகாலையில. பாண்டி ஆஸ்பத்திரியிலதான்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. "எந்த வழியாண்ணா எடுத்துக்கினு போறீங்க?" என்று கேட்டேன். "எப்பவும் போற வழிதாம்மா" என்றார்.

மனைவியை இழந்தவரிடம் முதலில் கேட்கிற கேள்வியா இது என்று சிலருக்குத் தோன்றலாம். லூர்துமேரியை அறிந்தவர்களுக்குத் தோன்றாது. அவருடைய ஊர் மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு ஊரைத் திட்டிவிட்டு மற்ற ஊர்கள் எல்லாம் தங்களைச் சுத்தம் என்று நினைத்துக்கொள்ளும். அங்கே மாதா கோயில் ஒன்று, பூசை ஒன்று, சாமியார் ஒருவர். கல்லறைத் தோட்டமும் ஒன்றுதான், ஆனால் அதன் நடுவில் ஒரு சுவர். ரோட்டைப் பார்த்த பாதி முன்தெருக்காரர்களுக்கு. ஓடையைப் பார்த்த பாதி அக்காவின் தெருவுக்கு. முன்பக்கம் இருக்கிற இரும்புக் கேட்டின் சாவி எப்போதும் முன்தெருவில்தான் இருக்கும். அக்காவின் தெருவில் யாராவது செத்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரையில் சேற்றை மிதித்துப் பின்பக்கமாகப் போக வேண்டும். அக்காவின் அம்மா அப்படித்தான் போனார். அக்காவும் அப்படித்தான் போகப் போகிறாரா என்பதைத் தவிர அன்று காலை எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

திண்டிவனத்தில் இரண்டே அறைகளில் நடக்கிற எங்கள் சமுதாய வானொலியில் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் 'அந்த ஊர்ப் பிள்ளைகள்' என்றொரு நிகழ்ச்சி வருவதை இதைப் படிக்கிற பலர் கேட்டிருப்பீர்கள். வாரம் ஒரு நாடு, அல்லது ஒரு மக்கள் கூட்டம். பேசுவது முழுக்கப் பிள்ளைகள். அக்கா அதை நடத்தினார். நான் ஒலியைத் தொகுத்துக் கொடுப்பேன். சேர்ந்த புதிதில் ஜப்பானைப் பற்றி ஒரு பிரதி எழுதிக் கொண்டுபோனேன். "அங்கே பல விசித்திரமான பழக்கங்கள் உள்ளன" என்று தொடங்கியிருந்தேன். அக்கா அந்த வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாருக்கு விசித்திரம்? நமக்குப் புதுசு, அவங்களுக்குப் பழசு. அவ்ளோதாண்டி. இதுக்குப் போயி எதுக்கு வாயப் பொளக்குற?" என்றார். பிறகு அவர் சொன்னதை நான் இன்று வரை மீறியதில்லை. "ஒரு நாட்டப் பத்திப் பேசணும்னா மொதல்ல அங்க காலையில யாரு எழுந்து தண்ணி புடிக்கிறாங்கன்னு கேளு. ராஜாவ அப்புறம் பாத்துக்கலாம்."

மங்கோலியாவைப் பற்றிய நிகழ்ச்சியை மயிலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதிவு செய்தோம். பிள்ளைகளை நாங்கள் நிலையத்துக்கு வரச் சொல்வதில்லை, ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு நாங்கள்தான் போவோம். மங்கோலியாவில் மேய்ச்சலுக்கு ஏற்ப வீட்டையே கழற்றி மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று அக்கா சொன்னார். ஒரு பையன் கையைத் தூக்கி, "அப்போ பட்டா யாரு பேருல இருக்கும்?" என்றான். வாத்தியார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பையனின் குடும்பம் ஏரிப் புறம்போக்கில் குடியிருக்கிறது, பட்டா கேட்டு மனு எழுதி எழுதி அவன் அப்பாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது என்று திரும்பி வருகையில்தான் சொன்னார். மங்கோலியாவில் மேய்ச்சல் நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை என்பதைத் தேடிப் படித்து, அடுத்த வாரம் திரும்பவும் போய் அவனிடம் சொன்னார். "அப்ப யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டானாம். அதற்குப் பதில் தனக்குத் தெரியவில்லை என்று அக்கா ஒலிபரப்பிலேயே சொல்லிவிட்டார்.

அவருக்கு ஏமாற்றுவது பிடிக்காது. பனியில் நடக்கிற சத்தம் வேண்டுமென்றால் கிழங்கு மாவைப் பையில் கட்டி அமுக்குவோம். காய்ந்த இலைமேல் மிருகம் ஓடுவதற்கு மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, மிதிப்போம். கேட்பவர்கள் அசல் என்றே நம்பிவிடுவார்கள். ஆனால் நிகழ்ச்சி முடியும்போது எந்தச் சத்தத்தை எதில் செய்தோம் என்று பிள்ளைகளே சொல்லியாக வேண்டும். மந்திரத்தைக் கெடுக்கிறீர்களே என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். "ஒலகத்தக் காட்டுறேன்னு சொல்லிக்கினு புள்ளைங்கள ஏமாத்துறதுக்கு நீயும் நானும் எதுக்கு?" என்பார்.

நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிதான் எல்லோருக்கும் பிடித்தது. அந்த நாட்டுப் பிள்ளை ஒன்று நம் ஊருக்கு வந்தால் நம்மை என்ன கேட்கும்? இதைப் பிள்ளைகள் யோசித்து, அந்தப் பிள்ளையாகவே மாறிக் கேட்க வேண்டும். ஏன் இவ்வளவு ஹாரன் அடிக்கிறீர்கள், ஏன் வீட்டில் பெண்பிள்ளை மட்டும் பாத்திரம் கழுவுகிறாள் என்றெல்லாம் கேட்பார்கள்.

அக்காவின் சொந்த ஊர்ப் பள்ளியில் நாங்கள் பதிவு செய்தது மெக்சிகோ. இரண்டு தெருப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி அது. மெக்சிகோவில் செத்தவர்களின் நாளன்று குடும்பமே கல்லறைக்குப் போய் துலுக்கச் சாமந்தியால் அலங்கரித்து, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அக்கா சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நம்ம கல்லறைத் திருநாள் மாதிரியே இருக்குது, நாமளும் பூ போடுறோம், மெழுகுவத்தி ஏத்துறோம், சோறுதான் எடுத்துக்கினு போறதில்லை என்று கத்தினார்கள். எங்க தாத்தாவுக்குக் கருவாட்டுக் கொழம்பு எடுத்துக்கினு போனா நாய்ங்க விடாது என்று ஒருவன் கவலைப்பட்டான். கடைசிப் பகுதி வந்தது. மெக்சிகோப் பிள்ளை நம்மை என்ன கேட்கும்? முன்தெருவைச் சேர்ந்த ஜெனி என்கிற பெண் மைக்கை வாங்கினாள். அப்போது ஐந்தாவது படித்தாள்.

"ஏன் ஒங்க ஊரு கல்லறையில நடுவுல செவுரு இருக்குது? செத்தவங்க சண்ட போட்டுக்குவாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் குரல் தாழ்வாக வந்தது. "இது வேணாண்டி. வேற கேளு." ஜெனி விடவில்லை. "ஏங்க்கா? அவங்க வந்தா இத்தத்தான் கேப்பாங்க."

நான் நிலையத்துக்கு வந்து தொகுத்தபோது ஜெனியின் கேள்வியை வைத்துக்கொண்டு அக்கா வேண்டாம் என்று சொன்ன இடத்தை மட்டும் வெட்டினேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைப்பு. அக்கா கேட்டுப் பார்த்துவிட்டு, "நான் பேசுனது எங்க?" என்றார். சொன்னேன். "திரும்ப வையி. அந்தப் பொண்ணு கேட்டுச்சி, நான் பயந்துட்டேன். ரெண்டும் சேந்ததுதான் எங்க ஊரு" என்றார். கேள்வியையே எடுத்துவிடும்படி எங்கள் நிர்வாகி சொன்னார். எடுப்பதாக இருந்தால் அந்த அரைமணி நேரமும் நிலையத்தை ஊமையாக விட்டுவிடுங்கள் என்று அக்கா பதில் சொன்னார். ஒலிபரப்பானது. பிறகு சில வாரங்கள் நிகழ்ச்சியை நிறுத்திவைத்தார்கள்.

ஜெனியின் அப்பா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். கல்லறைக் கேட்டின் சாவி அவர் வீட்டில்தான் இருந்தது. தன் பெண்ணின் வாயில் இதை யார் திணித்தது என்று சத்தம் போட்டார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, வெட்டாத பதிவை எடுக்கச் சொல்லி, ஹெட்போனை அவரிடம் நீட்டினார். அவர் கேட்டார். திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நீ ஏன் வேணான்ன?" என்றார்.

"ஒங்களுக்குப் பயந்துக்கினுதாங்க" என்றார் அக்கா.

அவர் வயதில் அக்காவைவிடச் சின்னவர். ஆனாலும் அவர் 'நீ' என்றார், அக்கா 'ங்க' என்றார். அது எனக்கு இன்னும் எரிகிறது. அவர் எழுந்து போனார். அவர் போனபிறகு அக்கா தண்ணீர் கேட்டார்.

பிறகுதான் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. பாண்டிக்கும் ஊருக்குமாக அலைந்தார். ஊசி குத்திக் குத்திக் கை புடைத்துப் போயிருந்தது. டயாலிசிஸ் நாளில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சண்டை போடுவேன். உங்களை முன் கேட் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும், மறித்தால் போலீசுக்குப் போவேன், கலெக்டர் ஆபீசில் உட்காருவேன் என்பேன். உயிரோடு இருக்கிறவரிடம் பேசுகிற பேச்சில்லைதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "செத்தப்புறம் எனக்குச் சேறு தெரியுமாடி? தூக்குறவங்களுக்குத்தான் தெரியும். அவங்களப் போயிக் கேளு. எனக்காக ஒருத்தனும் அடி வாங்கக் கூடாது" என்றார். முன் கேட் வழியாகப் போனால் உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "புடிக்கும்" என்றார்.

அக்கா இறந்த அன்று மதியத்துக்குப் பிறகு பூசை முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். எங்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அக்காவின் ஊரில் எல்லோரும் போவார்கள் என்பதால் நானும் பின்னால் நடந்தேன். ரோடு ஒரு இடத்தில் பிரிகிறது. வலதுபக்கம் ஓடைக்கரை. நேராகப் போனால் முன் கேட். தூக்கியவர்கள் வழக்கம்போல வலதுபக்கம் திரும்பப் போனார்கள், திரும்பாமல் நின்றுவிட்டார்கள். கேட் திறந்திருந்தது. சங்கிலி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அருகில் யாருமில்லை. எதிரில் டீக்கடையில் முன்தெரு ஆண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனியின் அப்பாவும் இருந்தார். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தோணி அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறந்துபோய்த் திறந்து கிடக்கிறதோ, உள்ளே போனபிறகு தகராறு வருமோ என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள். சாமியார் செபப் புத்தகத்தை மூடாமல் நின்றார். அக்காவின் தெருவைச் சேர்ந்த ஒரு பெரியம்மாதான் பின்னாலிருந்து அதட்டினார். "தொறந்த வாசல்ல நின்னுக்கினு என்னாத்தடா யோசிக்கிறீங்க? கை வலிக்கல? நடங்கடா."

நடந்தார்கள். யாரும் மறிக்கவில்லை.

உள்ளே பளிங்குக் கல்லறைகளைத் தாண்டிச் சுவரிடம் போனோம். சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் சந்து இருக்கிறது, பெட்டி நுழையாது. அதனால் சுவருக்கு மேலே தூக்கி மறுபக்கம் இறக்க வேண்டியிருந்தது. தூக்கியவர்களில் பாதிப் பேர் வாங்கிக்கொள்வதற்காக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் கை போதவில்லை. பெட்டி சரிந்தது. டீக்கடைப் பக்கமிருந்து மூன்று இளைஞர்கள் ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவனை எனக்கு அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் நைல் நதி நிகழ்ச்சிக்கு முதலை மாதிரி உறுமியவன். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் பாதிப் பதிவைப் பாழாக்கியவன். பெட்டி சுவரைத் தாண்டியது. அக்காவை அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஜெனியும் வந்திருந்தாள். இப்போது திண்டிவனத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். நீதான் கேட்டைத் திறந்தாயா என்று கேட்டேன். "அப்பாதாங்க்கா தொறந்தாரு. காலையிலயே. யாரும் சொல்லல" என்றாள். ஏனாம் என்றேன். "அத்தக் கேக்காதீங்க. நானே கேக்கல. கேட்டா மறுபடி போயி பூட்டிட்டு வந்துடுவாரு."

ஜெனியின் அப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னுடையதல்லாத பூட்டை ஒருநாள் திறந்ததற்கு என்ன நன்றி? சுவரும் அங்கேயேதான் இருக்கிறது. செத்தவர்களைப் பாதி பாதியாகப் பிரித்து வைத்திருக்கிற நாட்டில், ஒரு பிணம் ரோடு வழியாகப் போனதற்கு நான் மூச்சு விட்டுக்கொள்கிறேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு நிம்மதி அடைய வேண்டியிருப்பது கேவலம். ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைக்க முடியாது. அக்காவின் கையில் இனி ஊசி இல்லை. தூக்கியவர்களின் காலில் சேறு இல்லை. யாரும் அடி வாங்கவில்லை. அவருக்குப் பிடித்த வழியாகவே போனார். திரும்பி வரும்போது திண்டிவனத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். விழுப்புரத்தில் கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அக்கா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை.

லூர்து அக்காவை எல்லோரும் தைரியசாலி என்று பேசுகிறார்கள். அன்று கோயிலிலும் அப்படித்தான் பேசினார்கள். அவர் அடிக்கடி பயந்தார், எனக்குத் தெரியும். பயந்ததை வெட்டி எறியாமல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பழக்கத்தை மட்டும்தான். கலெக்டர் ஆபீசில் உட்காருவேன் என்று கத்தியவள் நான். அந்த ரோடு பிரிகிற இடத்தில், டீக்கடையில் இருந்தவர்களைப் பார்த்தபோது, ஓடைக்கரை வழியாகவே போய்விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.