நெவில் அடுப்பை விட்டுப் போன ஞாயிறு

நெவில் ஆக்லி மீன் பிடிப்பார் என்பது எங்கள் தூண்டில் கிளப்பில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது. மீதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அவர்களுக்கு நெவில் என்றால் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் பஸ் இங்கிலாந்தின் ட்ரெண்ட் ஆற்றங்கரையில் போய் நின்றதும் எல்லாரும் தூண்டில் பைகளை இறக்குவார்கள். நெவில் கேஸ் சிலிண்டரை இறக்குவார்.

இளம் வயதில் அவர் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். ஒருநாள் மேற்கூரை சரிந்து இடுப்பு நொறுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தவரை மறுபடி கீழே அனுப்ப முடியாதென்று சுரங்க கேண்டீனில் போட்டார்கள். அங்கேதான் சமையல் கற்றுக்கொண்டார். பிறகு சுரங்கத்தையே மூடினார்கள். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் காலத்தில், நெவிலுக்கு மட்டும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்தது. அதிர்ஷ்டக்காரன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் ஆமாம் என்றார். இருட்டு விலகுவதற்கு முன்னால் போய் நோயாளிகளுக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்ச வேண்டும். மத்தியானம் உருளைக்கிழங்கை மலை மலையாக மசிக்க வேண்டும்.

வீட்டிலும் அதேதான். மனைவி எய்லீனுக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் மாலை ஷிஃப்ட். அதனால் ராத்திரிச் சாப்பாடு எப்போதும் அவர் பொறுப்பு. கல்யாணமாகிப் போன மகள் இரண்டு குழந்தைகளோடு திரும்பி வந்தபிறகு சட்டி பெரிதானது, அவ்வளவுதான். நெவில் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து முதலில் வரும் குரல், "சாப்பிட என்ன?" என்பதாகத்தான் இருக்கும். அதில் யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. அவர் சமையல்காரர், கேட்கிறார்கள்.

ஆற்றங்கரை அடுப்பு ஆரம்பித்த கதை சின்னது. பல வருஷத்துக்கு முன்னால், பனி விழுந்த ஒரு ஞாயிறு, தனக்கு மட்டும் சூடாக ஏதாவது வேண்டுமென்று நெவில் ஒரு சின்ன அடுப்பைக் கொண்டுவந்து, பேக்கன் நாலு துண்டு வறுத்தார். உப்புப் போட்ட பன்றிக்கறி கொழுப்பில் பொரிகிற வாசனையைக் காற்று கரை நெடுக இழுத்துப் போனது. ஆற்றில் பிடிக்கிற மீனை எங்கள் ஆட்கள் தின்பதில்லை. எடை போட்டுவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அதனால் கரையில் உட்கார்ந்திருப்பவன் எப்போதும் பசியோடுதான் இருப்பான். பக்கத்து இடத்தில் இருந்த மால்கம், எங்கள் கிளப் செயலாளர், தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கையில் ஒரு பன்னோடு வந்து நின்றார். அடுத்த வாரம் நாலு பேர் நின்றார்கள். வருஷக் கடைசிக்குள் இரட்டை அடுப்பு, மடக்கு மேஜை, காற்றை மறைக்கத் தகரம், கைப்பிடி வெட்டிய இரும்பு வாணலி, கருத்த கெட்டில் எல்லாம் சேர்ந்துவிட்டன.

ஞாயிறுதோறும் யார் அதிக எடைக்கு மீன் பிடிக்கிறார் என்று போட்டி. அது தொடங்குமுன் ஒரு துணிப்பையில் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். யார் கைக்கு எந்த எண் வருகிறதோ அந்த இடத்தில் உட்கார வேண்டும். ஒருமுறை இடம் ஒன்று குறைந்தது. "நீ அடுப்புகிட்டதானே நிக்கப்போறே, உனக்கெதுக்கு சீட்டு?" என்றார் மால்கம். நியாயமாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு எத்தனை இடம் இருந்தாலும் நெவிலுக்குச் சீட்டு கிடையாது. அவர் கேட்கவுமில்லை. தூண்டில் பை மாடிப்படிக்கு அடியில் கிடந்து தூசி சேர்த்தது.

அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் வேலையையும் நெவிலே பார்த்தார். சனிக்கிழமை வீடு திரும்பும் வழியில் தூண்டில் கடைக்குள் நுழைந்து ஒரு டப்பா புழு வாங்கினார். ஏன் வாங்கினார் என்று அவரிடம் பின்னால் கேட்டபோது, தெரியவில்லை என்றார். பேக்கனும் முட்டையும் வாங்கத்தான் கிளம்பினாராம். அவற்றையும் வாங்கினார்.

மறுநாள் கரையில் எல்லாரும் மால்கமைச் சுற்றி நின்றார்கள். பை குலுங்கியது. ஒவ்வொருவராகக் கைவிட்டு எடுத்தார்கள். கடைசியாக நெவில் வந்து கையை விட்டார்.

"என்னடா நெவில், எனக்கு எடுத்துத் தரியா?" என்றார் மால்கம்.

"எனக்கு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நெவில் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தூண்டில் பையைத் தோளில் மாட்டினார். அப்போதுதான் அவர் பை கொண்டுவந்திருப்பதையே கவனித்தார்கள்.

"அப்ப சாப்பாடு?" என்றார் மால்கம்.

"அடுப்பு அங்க இருக்கு. சாமான் எல்லாம் இருக்கு. பத்தவச்சுக்கோங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு, இடுப்பு வலிக்கு ஏற்றபடி ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து போனார்.

அவருக்கு வந்தது கரையின் கோடி. வயல் வாய்க்கால் ஆற்றில் விழும் இடம், சேறு, ஒரு மரம்கூட இல்லை. பக்கத்து இடம் டோரீனுக்கு. எங்கள் கிளப்பில் அவள் ஒருத்திதான் பெண். டவுன் பஸ் ஓட்டுகிறவள். வாரம் முழுக்க ஜனங்களின் முணுமுணுப்பைக் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமையாவது வாயில்லாத ஜீவனோடு இருக்கிறேன் என்று சொல்லிச் சேர்ந்தவள். நெவில் வந்து தூண்டில் பெட்டியைப் போட்டு உட்காருவதைப் பார்த்தாள். தன் தக்கைப் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

நெவிலின் தூண்டில் நரம்பு பழசாகி உலர்ந்திருந்தது. முதல் வீச்சிலேயே அறுந்து தக்கை ஆற்றோடு போனது. டோரீன் தன்னுடைய நரம்புச் சுருளை எட்டி நீட்டினாள். முள்ளைக் கட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. விரல்கள் முடிச்சை மறந்திருந்தன. ஒருவழியாகக் கட்டி, புழுவைக் குத்தி, வீசிவிட்டு உட்கார்ந்தார். சிவப்புத் தக்கை தண்ணீரில் நிமிர்ந்து நின்றது.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாராம். அப்படி ஒன்றும் இல்லை. உட்கார்ந்ததும் உடம்பில் இருந்த அசதியெல்லாம் ஒன்றாக இறங்கி வந்து, தொடையிலும் முழங்காலிலும் ஈரமணல் மூட்டைபோல் உட்கார்ந்துகொண்டது. தக்கையைப் பார்ப்பதே பெரிய வேலையாக இருந்தது.

நடுக்கரையில் மால்கமும் கிளப்பில் இளையவனான லெஸ்லியும் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். குளிரில் கேஸ் சரியாக வரவில்லை. தகரத்தை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று ஆளுக்கொரு யோசனை. கடைசியில் நெருப்பு பிடித்தது, பன்றிக்கொழுப்பைத் தாராளமாகப் போட்டு வாணலியை வைத்தார்கள். மேஜையைச் சரிவில் போட்டதை யாரும் பார்க்கவில்லை. ஒரு கால் மெல்ல மண்ணில் புதைந்து, மேஜை சாய்ந்து, வாணலி அப்படியே லெஸ்லியின் கைமேல் கவிழ்ந்தது.

அவன் போட்ட சத்தம் கோடிவரை கேட்டது. ஆட்கள் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. டோரீன் எழுந்துவிட்டாள். நெவில் எழவில்லை.

"நெவில், போகலயா நீ?"

"அத்தனை பேர் இருக்காங்க. பக்கத்துலயே ஆறு ஓடுது. கைய தண்ணியில விடுன்னு சொல்ல ஒருத்தனுக்குக்கூடவா தெரியாது?"

டோரீன் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வன்மம் எதுவும் இல்லை என்றுதான் பின்னால் சொன்னாள். நெவில் எழுந்திருக்கத்தான் நினைத்தாராம். மனசு எழுந்துவிட்டது, கால் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் தக்கை உள்ளே போனது. நெவில் தாமதமாக இழுத்தார். முள்ளில் ஒன்றுமில்லை, புழுவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மால்கம் கரை நெடுக நடந்து வந்தார். சட்டையெல்லாம் கொழுப்பு. மூச்சு வாங்கியது.

"லெஸ்லி கைய சுட்டுக்கிட்டான்."

"கேட்டுச்சு. எப்படி இருக்கான்?"

"கொப்பளிச்சிருக்கு. நம்ம பஸ் டிரைவர் கட்டுப் போட்டுவிட்டாரு. பரவாயில்ல." மால்கம் கையைச் சட்டையில் துடைத்தார். "கேட்டும் வரலயா நீ?"

"வரல."

 இருவரும் ஒரே சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். கூரை சரிந்த அன்று நெவிலைத் தோண்டி எடுத்தவர்களில் மால்கமும் ஒருவர். ஆற்றையும் பார்த்தார், நெவிலின் பழைய தூண்டில் கம்பையும் பார்த்தார்.

"மீன் பிடிக்கணும்னு ஆசையிருந்தா வாயத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"மீன் பிடிக்கிற கிளப்புலதானே மால்கம் நான் சேர்ந்தேன்."

டோரீன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மால்கம் பூட்ஸிலிருந்த சேற்றை ஒரு கல்லில் தேய்த்தார். தேய்த்து முடிந்தபிறகும் தேய்த்தார்.

"முட்டைய எங்க வச்சிருக்கே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பஸ்ஸுல. நான் உக்கார்ற சீட்டுக்கு அடியில."

அன்று முட்டையை யாரும் பொரிக்கவில்லை. ஒருவன் டீ போட்டான், அதில் பன்றிக்கொழுப்பு வாடை அடித்தது என்று மற்றவர்கள் ஊற்றிவிட்டார்கள். எடை போடும்போது, பிடித்த மீனைப் போட்டு வைக்கும் நெவிலின் வலையில் மூன்று ரோச் மீன்கள் இருந்தன. ரோச் என்பது சிவப்புத் துடுப்பும் வெள்ளிச் செதிலும் உள்ள கெண்டை. மூன்றும் சேர்ந்து ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். தராசில் முள் அசைந்ததா என்று குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. மால்கம் எடையைச் சத்தமாகவே படித்தார். யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை.

திரும்பும்போது வழியில் ஒரு வறுகடையில் நிறுத்தி எல்லாரும் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றார்கள். கட்டுப் போட்ட கையோடு லெஸ்லி நெவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பொட்டலத்தை நீட்டினான். வாரக் கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் இருந்தவன் அவன்தான். ஆனால் நெவில்மேல் கடைசிவரை மனத்தாங்கல் இல்லாதவனும் அவன்தான். முகம் கொடுக்காமல் போனவர்கள் ஒரு காயமும் படாத இரண்டு பேர். பசியோடு இருந்ததைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் எய்லீன் ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் இருந்தாள். சாப்பிட என்ன என்று வழக்கம்போல் கேட்டாள். ரொட்டி இருக்கு என்று சொல்லிவிட்டு நெவில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அவள் அருகில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அசதி, எய்லீன்."

எவ்வளவு நாளாக என்று அவள் கேட்டாள். நெவில் குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தார். அவள் சமையலறைக்குப் போய் முட்டை வேகவைத்தாள். கல்லாக வெந்திருந்தது. நெவில் மூன்று சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் மகள் சமைத்தாள், அதுவும் பல வாரம் டப்பாவிலிருந்துதான்.

கிளப்பில் மால்கம் ஒரு ஏற்பாடு செய்தார். வாரம் ஒருவர் முறை வைத்துச் சமைப்பதென்று. மூன்று வாரம் நடந்தது. பிறகு அவரவர் வீட்டிலிருந்து சாண்ட்விச் கொண்டுவர ஆரம்பித்தார்கள். இரட்டை அடுப்பும் மேஜையும் கிளப் ஷெட்டுக்குப் போயின. அந்தப் பழைய வாசனை இல்லாத ஞாயிறு ஒரு மாதிரி வெறிச்சோடித்தான் இருந்தது. 

நெவில் வாராவாரம் சீட்டெடுத்தார். ஒருமுறையும் ஜெயிக்கவில்லை. ஒற்றை பர்னர் அடுப்பு ஒன்றும் கையகலச் சட்டியும் தூண்டில் பெட்டியில் இருந்தன. பேக்கனைத் தொடுவதில்லை. அந்த வாசனையே அவருக்கு ஆகாமல் போய் எத்தனையோ வருஷமாகியிருந்தது, யாருக்கும் தெரியாது. வெங்காயம் வதக்கி, டப்பாத் தக்காளியைக் கொட்டி, ரொட்டியைத் தோய்த்துத் தின்பார். டோரீன் பக்கத்து இடத்தில் இருந்தால் அவளுக்கும் ஒரு குவளை போகும். அவள் கேட்டு வாங்கியதில்லை. அவரும் வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்ததில்லை.

நவம்பரில் ஒரு நாள். காற்று இல்லை, ஆறு கண்ணாடிபோல் கிடந்தது. சட்டியில் வெங்காயம் கருகுகிற வாசனை வந்து டோரீன் திரும்பிப் பார்த்தாள். நெவில் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தாடை மார்பில் இடித்துக்கொண்டிருந்தது. கம்பு அவர் மடியிலிருந்து நழுவிப் புல்லில் கிடந்தது. தக்கை தண்ணீருக்கு மேலே தெரியவில்லை. நல்ல பெரிய மீனாகத்தான் இருக்க வேண்டும். கம்பின் நுனி வளைந்து, கம்பே மெல்ல மெல்ல ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

டோரீன் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. எழுந்து வந்து கம்பின் அடியைப் பூட்ஸ் காலால் மிதித்து நிறுத்தினாள். இன்னொரு பக்கம் குனிந்து அடுப்பை அணைத்தாள். மீன் கொஞ்ச நேரம் இழுத்தது, பிறகு முள்ளை உதறிவிட்டுப் போனது. நரம்பு தளர்ந்தது. அவர் விழிக்கும்வரை அவள் அப்படியே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.