வடசுவரின் சாய்வு

வெண்ணந்தூருக்கு மேற்கே, பாதி வெட்டிய ஒரு கிணற்றின் அடியில் என் இடது கால் பாறைக்குக் கீழே மாட்டிக்கொண்டது. அதுவரை எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் இருந்தவனில்லை நான்.

பாறையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. முந்தைய வருஷம், சேலத்துப் பக்கம் கூடாரமடித்துப் பாறைகளை ஆராய்ந்த ஒரு துரைக்குச் சுத்தியலும் கல்மூட்டையும் சுமந்தேன். பாறையில் தெரியும் வரிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எந்தப் பக்கம் சாய்கின்றன என்று காந்தப்பெட்டியை வைத்துப் பார்ப்பார். ஒருநாள் மேசைத் துணியை இரு பக்கமும் நெருக்கிக் காட்டினார். துணி மடிப்பு மடிப்பாக எழுந்தது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் நிற்கிற இந்தப் பூமி ஒரு காலத்தில் வெகு ஆழத்தில் வெந்து கிடந்ததாம். அப்போது இப்படித்தான் நெருக்குண்டு, அதன் அடுக்குகள் சாய்ந்து போயினவாம். இப்போது எல்லாம் அடங்கிவிட்டது என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது போதுமாயிருந்தது. இந்தப் பக்கத்துப் பாறை இனி நகராது என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் கிணற்றின் வடசுவரில் வரிகள் குழியை நோக்கிச் சரிந்து இறங்கியதைப் பார்த்தும், அதன் அடியிலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன். காலையில் வேட்டு வைத்து உடைத்த கல்லை அள்ளிவிட்டு ஓய்ந்திருந்த நேரம். பெரிய சத்தம் எதுவுமில்லை. கதவளவு பலகைக்கல் ஒன்று ஒரு சாண் வழுக்கியது. துரையின் கணக்கில் அது நகர்வே அல்ல. என் கணுக்கால் அதற்கு அடியில் இருந்தது. கல் விலகிய வெடிப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டது.

மேலே கூச்சல் எழுந்தது, எனக்காக அல்ல. "ஊத்துங்க! ஊத்து கெடச்சிருச்சுங்க!"

என்னோடு வேலை செய்த ஆட்டையாம்பட்டிக்காரன் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தான். உட்கார்ந்திருந்த எனக்குத் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும், கலங்கலில் கல் மறைந்துபோயிற்று.

"சாலக் கட்டி எறைங்க பண்ணாடி! கல்லு கண்ணுக்குத் தெரியோணும்" என்று மேலே பார்த்துக் கத்தினான்.

நிலத்துக்காரர் விளிம்பில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். முன்பு வெட்டிய கிணறு அவருக்குப் பொய்த்திருந்தது. "மொதத் தண்ணியப்பா. பூசை போடாம எறச்சுக் கொட்டுனா ஊத்து அடைஞ்சு போயிரும். தேங்காய்க்கு ஆள் போயிருக்குது. சித்தப் பொறு சாமி."

"தேங்கா வாரதுக்குள்ள இவனே சாமிகிட்டப் போயிருவானுங்க!"

"வாயக் கழுவுடா!"

தண்ணீர் நெஞ்சைத் தொட்டது. குளிர்ந்த, நல்ல தண்ணீர். காலில் வலி மரத்துப்போயிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றில் ஒரு சொம்பைக் கட்டி இறக்கினார். "நீயே மோந்து குடு சாமி, உன்ற கையால."

மொண்டு கொடுத்தேன். அதை வாங்கி வேப்பமரத்தடியில் ஊற்றினார். "பூசை ஆச்சுங்க. மாட்டப் பூட்டுங்க."

பிறகு மாட்டை ஓட்டியவர் நிலத்துக்காரரேதான். சால் தண்ணீரை மொண்டு மொண்டு ஏறி இறங்கியது. நீர் வடிந்து கல் தெரிந்ததும் கூட்டாளி கடப்பாரையைக் கீழே செருகி மேலே தூக்கினான். கல் இன்னும் கொஞ்சம் வழுக்கி என் கால்மேல் இறங்கியது.

"தூக்காத! சாயற பக்கந்தான் அது போகும். முன்னால முட்டுக் குடுத்துட்டு, பக்கவாட்டுல நெம்பு."

"கீழ கெடந்துட்டும் அதிகாரத்தப் பாரு" என்றபடி முட்டுக்கு ஒரு கல்லை அடித்து இறக்கினான். கால் வந்தது. எலும்பு முறிந்திருந்தது.

மழைக்காலம் முழுவதும் அவர்கள் மாட்டுக்கொட்டகையில் மூங்கில் பத்தை கட்டிய காலோடு கிடந்தேன். வேளாவேளைக்குக் களி வந்தது. விடிந்தால் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் சத்தம். போக இடமில்லாதவன் அல்ல நான், போக முடியவில்லை. கூரையின் ஓலைகளை எண்ணுவதைக்கூட ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

ஊன்றி நடக்க முடிந்த அன்றே, "வாரேனுங்க" என்றேன்.

"தண்ணி பாச்சிக்கிட்டு இங்கயே இருக்கலாமில்ல?" என்றார் அந்த அம்மா.

திருச்செங்கோட்டுச் சாலையைப் பிடிப்பதற்குள் பலமுறை உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்த இடத்திலெல்லாம் பாறை மண்ணுக்கு மேல் தலைநீட்டியிருந்தது. அதன் வரிகள் அந்த வடசுவரைப் போலவே தெற்கே சாய்ந்து போயின. ஒவ்வொரு முறையும், கல் வழுக்கி வர முடியாத மேல்பக்கமாகப் பார்த்தே உட்கார்ந்தேன்.