சுஹென்கா கொண்டுவந்த பூசணி

தெற்கு உக்ரைனின் புல்வெளியில் எங்கள் சுஹென்கா ஆறு, ஓக் மரப் பள்ளத்து ஊற்றில் பிறக்கிறது. ஓதார்காவின் தோட்டத்தை உரசி இறங்கி, மேட்டைச் சுற்றி வளைந்து, கீழூர் நாணலுக்குள் புகுந்து, கடைசியில் உப்பு ஏரியில் காணாமல் போய்விடும். பனி உருகும்போது குதிரையையே இழுத்துப் போகும். கோடையில் வெறும் குட்டைகள்தான். வாத்துகள் நடந்தே கடக்கும்.

ஓதார்கா கணவனை இழந்தபின் தனியாகவே பாடுபட்டவள். ஆற்றங்கரையில் அவள் போடும் சாம்பல் நிறப் பூசணி வேறு யாரிடமும் கிடையாது. கீழூரில் நாணல் கூரை வேயும் தெமித், அவனும் துணையை இழந்தவன், வசந்தத்தில் வந்து அவளைப் பெண் கேட்டான்.

"சூரியகாந்தி அறுப்பு முடியட்டும், சொல்றேன்" என்றாள்.

பேதை மனம்! அன்றிரவே துண்டில் சிவப்பு நூலால் பூ தைக்க உட்கார்ந்துவிட்டாள். சம்மதமென்றால் கேட்டு வந்தவர் தோளில் பூத்துண்டு கட்டுவோம். இல்லையென்றால் கையில் பூசணியைக் கொடுத்து அனுப்புவோம்.

ஆகஸ்டில் ஒருநாள் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மறுநாள் தெமித்தின் நாணலுக்குள் ஒரு சாம்பல் பூசணி மிதந்தது.

"ஆத்துல விட்டு அனுப்பிட்டாளா? உன் மூஞ்சியப் பாக்கக்கூடப் பிடிக்கல போலடா தம்பி!" என்று அக்கா மோத்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

தெமித் சூப்பைத் தொடவில்லை. "என் முகத்துக்கு நேரா சொல்லட்டும்" என்று பூசணியைக் குதிரை வண்டியில் ஏற்றிக் கரையோரமாகவே மேலே போனான்.

நாணல் முடியும் இடத்தில் இன்னொரு பூசணி. மேட்டு வளைவுச் சேற்றில் நாலைந்து. மரவேரில் கொடியோடு ஒன்று. ஒருவனை வேண்டாமென்று சொல்ல இத்தனை பூசணியா? சட்டென்று விளங்கியது. ஐயோ, அவள் தோட்டம்! ஒவ்வொன்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு குதிரையை விரட்டினான்.

ஓதார்கா முழங்கால் சேற்றில் நின்றிருந்தாள். வண்டியைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"என்னங்க, என்னை வேணாம்னு சொல்ல வண்டி நிறையப் பூசணியா?"

"எல்லாம் உன்னோடதுதான், பொறுக்கிட்டு வந்தேன். இந்த ஒண்ணு மட்டும் என் வீட்டுக்கே வந்துச்சு. நீ அனுப்பினதா, ஆறு அனுப்பினதா?"

ஓதார்கா சேற்றுக் காலோடு உள்ளே ஓடினாள். பாதி தைத்த துண்டோடு வந்து அவன் தோளில் கட்டினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"அறுப்பு இன்னும் முடியலையே?" என்றான்.

"தையலும்தான் முடியல. ஆடாம நில்லுங்க, ஊசி குத்திடும்."

கல்யாணத்தில் எங்களுக்கெல்லாம் பூசணிக் கஞ்சி. கிண்ணத்தை வழித்து நக்கியவள் மோத்ரியாதான்.