தலை உடைந்த ஸ்க்ரூ

இதைப் படித்துவிட்டு யாராவது "கதை நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். கதை இல்லை. சஹாரா பாலைவனத்தில் எங்கள் தமன்ராசெட் ஊரில், என் வீட்டு நடு அறையில், ஒரு புதன்கிழமை மதியம் 2.10-க்கு நடந்தது. பேய் ராத்திரிதான் வரும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊர் வெயிலைப் பார்த்ததில்லை. மே மாதத்தில் மதியம் ஒரு மணிக்குமேல் தெருவில் நாய்கூட நடக்காது.

என் தம்பி ஆத்தாஹெர் தெற்கே பாலைவனத்தில் தங்கம் தோண்டுகிறவர்களுக்கு மாவும் டீயும் கொண்டுபோய் விற்பான். மூன்று நாளில் திரும்பிவிடுவான். அந்த முறை ஒன்பது நாள் ஆகியும் வரவில்லை. ஊர்க்காரர்கள் இரண்டு வண்டியில் தேடப் போயிருந்தார்கள். எனக்குக் காலில் மாவுக்கட்டு. இல்லாவிட்டால் அவனோடே போயிருப்பேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவனுடைய சாட்டிலைட் போன் சார்ஜரை அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் நான் கழற்றி எடுத்தேன். திருப்பி அவன் பையில் வைக்க மறந்துவிட்டேன். ஒன்பது நாளாக அது என் மேசையில் கிடந்தது.

கிளம்பும்போது அவன் தன் கிட்டாரை என் மடியில் போட்டான். கம்பியை முறுக்கும் கீ ஆறும் தேய்ந்து வழுக்கின. புதுக் கீ தலைநகரிலிருந்து பஸ்ஸில் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"நான் வர்றதுக்குள்ள மாட்டி வை. இல்லேன்னா என் கல்யாணத்துல நீதான் பாடணும்."

"நான் பாடுனா பொண்ணு எழுந்து ஓடிடுவா."

"அதுக்குத்தான் சொல்றேன். மாட்டி வை."

பெண் எங்கள் மாமா மகள் ரைஷாதான். எதிர்வீடு. புதன்கிழமை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கதவோரம் தொங்கிய ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை விம்ம விம்ம நிரப்பினாள். அப்புறம் நான் செய்வதைப் பார்த்தாள்.

"கால் ஒடிஞ்சவன் கிட்டாருக்கு வைத்தியம் பாக்குறியா, மச்சான்?"

"முடிச்சாகணும்."

"முடிச்சா வந்துடுவானா?"

"வந்துடுவான்."

நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். ஆறு கீயும் மாட்டி முடித்தால் அவன் உயிரோடு வருவான் என்று எனக்கு நானே பந்தயம் கட்டியிருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? நான் எழுந்து வர வேண்டாம் என்று ரைஷா வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மணி 1.25.

பழைய ஓட்டைகள் பெரியவை. முந்தின நாளே தீக்குச்சியைப் பசையில் தோய்த்து அவற்றை அடைத்திருந்தேன். காய்ச்சிய ஊசியால் புதிதாகத் துளை போட்டு, ஸ்க்ரூவில் சோப்புத் தடவி மெதுவாகத் திருக வேண்டும். கீக்கு ஒரு ஸ்க்ரூ. ஐந்து நன்றாக இறங்கின. ஆறாவதற்கு சோப்புத் தடவினேன்... துளை போடவில்லை. அவசரம். புத்தி கெட்ட அவசரம்.

பாதியில் மாட்டிக்கொண்டது. அழுத்தித் திருகினேன்.

ட்டிக்.

தலை உடைந்து டீத் தட்டில் விழுந்தது. மிச்ச ஸ்க்ரூ மரத்துக்குள்ளே நின்றுவிட்டது. ஊசியால் குத்தினேன். நகத்தால் பிறாண்டினேன். விரலில் ரத்தம் வந்தது. அது அசையவில்லை. மணி 2.05. கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டுப் பாயில் மல்லாந்தேன். கண்மேல் கையைப் போட்டுக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். என் தம்பியை நானே கொன்றுவிட்டதாகத் தோன்றியது.

2.10-க்குத் தெருக்கோடியில் பள்ளிக்கூட மணி அடித்தது. அதனால்தான் நேரம் சரியாகத் தெரியும்.

அப்போது கேட்டது.

கிர்ர்... கிர்ர்...

மரத்தில் ஸ்க்ரூ திருகும் சத்தம். என் தலைமாட்டில். ரைஷா வந்துவிட்டாளோ? ஆனால் பூட்டுத் திறந்த சத்தம் கேட்கவில்லை.

கிர்ர்...

பிறகு கம்பியை இழுக்கும் சத்தம். நான் இன்னும் உறையைக்கூடப் பிரிக்காத கம்பி.

டங்...

அதற்குப் பிறகு... "ட்ச்."

நாக்கைத் தட்டும் ஒலி. ஒரு கம்பிக்குச் சுருதி சேர்ந்ததும் ஆத்தாஹெர் அப்படித்தான் தட்டுவான்.

டங்... ட்ச்.

டங்... ட்ச்.

எண்ணினேன். ஆறு.

கையைக் கண்ணிலிருந்து எடுக்க முடியவில்லை. பயம்தான். என் தம்பியிடம் எனக்கு என்ன பயம்?

காலடி. கதவுப் பக்கம் போனது.

மடக்... மடக்... மடக்...

தோல் பையிலிருந்து யாரோ தண்ணீர் குடித்தார்கள். மூச்சு விடாமல்... நிறுத்தாமல்... அப்படி ஒரு தாகத்தை நான் கேட்டதே இல்லை.

"மெதுவாக் குடிடா," என்றேன்.

சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

மணி 2.31. கிட்டாரில் ஆறு கீ, ஆறு கம்பி, ஆறு ஸ்க்ரூ. ஆறுக்கும் தலை இருந்தது. நான் போட்ட கூச்சலில் ரைஷா ஓடிவந்து பூட்டைத் திறந்தாள். காதில் விழுந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கம்பிகளை ஒருமுறை மீட்டினாள். ஊரில் மற்றவர்களைவிடத் தணிவாக, தன் குரலுக்கு ஏற்றபடி அவன் மட்டும் வைக்கிற சுருதி அது.

"வந்துட்டான், மச்சான். இது அவன்தான்."

பொழுது சாயும்வரை அவள் தெருவிலேயே நின்றாள்.

சனிக்கிழமை காலை ஒட்டகம் மேய்ப்பவர் ஒருவர் அவனைக் கண்டுபிடித்தார். வண்டியின் அச்சு முறிந்திருந்தது. போன் செத்துக் கிடந்தது. அவன் வண்டியை விட்டு நடந்திருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு கிலோமீட்டர். உயிர் போய்க் குறைந்தது ஆறு நாளாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். நான் மறுபடியும் கேட்டேன். ஆறு நாள் என்றே சொன்னார். அப்படியானால் புதன்கிழமைக்கு முன்பே.

உடலைக் கழுவும்போது வலது கை மூடியே இருந்தது. விரல்களை நான்தான் பிரித்தேன். உள்ளே தலை இல்லாத ஒரு சின்ன ஸ்க்ரூ. புத்தம் புதுசு. அதன் மரையில் மரத்தூளும் காய்ந்த சோப்பும் ஒட்டியிருந்தன. வீட்டுக்கு வந்து டீத் தட்டில் கிடந்த தலையோடு சேர்த்துப் பார்த்தேன். பொருந்தியது.

அடக்கம் முடிந்த அன்று மாலை ரைஷா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு நிஜமாவே தண்ணி குடிச்சானா, மச்சான்?"

"வயிறு முட்டக் குடிச்சான்."

தலையாட்டினாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் தூங்கினாள் என்று மாமா சொன்னார்.

அந்தப் புதன்கிழமை, அவள் வருவதற்கு முன்னால், நான் தவழ்ந்து போய்த் தோல் பையைத் தொட்டுப் பார்த்தேன். அவள் எப்படி நிரப்பினாளோ அப்படியே விம்மிக்கொண்டு இருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை. இதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.