மேட்டூரிலிருந்து ஹெப்பாளுக்கு: மேண்டில் கூடத்தின் கடைசிச் சோதனை

மைசூருக்குப் போகிறேன் என்றதும் அக்கம்பக்கத்தார் அரண்மனையா, சாமுண்டி மலையா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, கதிர்வீச்சுச் சோதனை பார்க்கப் போகிறேன் என்றேன். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். கல்யாண ஊர்வலங்களில் தலையில் தூக்கி வருவார்களே காஸ் லைட், அதற்குள் ஒரு வெள்ளை வலைப்பை தொங்கும். அதன் பெயர் மேண்டில். என் கணவரும் அவர் தம்பி பழனிசாமியும் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் அதைத் தயாரித்தார்கள். வலையைத் தோரியம் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்த வேண்டும். அந்தப் பளீர் வெளிச்சம் தோரியம் தருவது. தோரியத்துக்குக் கதிர்வீச்சு உண்டு என்பதால் அரசு உரிமம் வேண்டும். தொழிலை மூடினாலும் பூட்டைப் போட்டுவிட்டு வந்துவிட முடியாது. மிச்சத்தை ஒப்படைத்து, கட்டடத்தைச் சுத்தம் செய்து, அதிகாரி வந்து அளந்து பார்த்து, இனி இது சாதாரண இடம் என்று விடுவிக்க வேண்டும். அணு உலையை மூடும்போதும் அடிப்படை முறை இதுதான், அளவுதான் வேறு. மேண்டில் விற்பனை நின்று, கணவரும் காலமான பிறகு அந்தப் பொறுப்பு எனக்கும் பழனிசாமிக்கும் வந்தது.

கூடத்தை வாங்க முன்வந்தவர்கள் அங்குள்ள பெண்கள் சங்கத்தார். தொழிற்சாலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்காகக் காப்பகம் நடத்துகிறார்கள். தவழ்கிற குழந்தைகள், மண்ணை அள்ளி வாயில் போடுகிற வயது. 'ஏறக்குறைய சுத்தம்' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. "நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க அலைய வேண்டாம்" என்றார் பழனிசாமி. எனக்கு வயது எழுபத்தெட்டு. அலைவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்வேன். மாசி மாதத்தில் கிளம்பினேன்.

மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாக மைசூர். எங்கள் வாடகைக் காரின் மீட்டரில் 188 கிலோமீட்டர். போக வர, ஓட்டுநர் படி, வண்டி ஓர் இரவு நிற்பதற்கான கட்டணம் எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய். காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். காட்டுப் பாதையில் இரவுப் பயணத்துக்குத் தடை இருக்கலாம். சாவடி நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மலையில் வளைவுகள் அதிகம். குமட்டல் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறி, கொள்ளேகாலில் சாப்பிடலாம். அங்கே தமிழிலேயே கேட்டு வாங்கலாம். செட் தோசையும் காபியும் 95 ரூபாய். காபி நன்றாக இருந்தது. தம்ளர் நன்றாகக் கழுவப்படவில்லை, சொன்னேன், மாற்றித் தந்தார்கள்.

பாலாறு சாவடியில் வனக்காவலர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"அணுகுண்டு பாக்கப் போறோமுங்க" என்றார் ஓட்டுநர் செந்தில்.

காவலர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். என் பெட்டியும் தண்ணீர்க் கேனும்தான் இருந்தன. "குண்டு எங்கய்யா?"

"பொறத்தால சீட்டுல உக்காந்திருக்காங்க பாருங்க. கொஞ்சம் மெல்லமாப் பேசுங்க, வெடிச்சிரும்."

காவலர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் செந்திலின் படியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அன்றிரவு ரயில் நிலையத்தருகே அறை, 1,800 ரூபாய். மறுநாள் ஹெப்பாளுக்கு ஏழு கிலோமீட்டர்தான். ஆனால் காலையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கு நான் வாசலில் இருந்தேன். பழனிசாமி பத்தே முக்காலுக்கு வந்தார்.

அதிகாரி வசுமதி என்ற இளம்பெண். மைசூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். கதிர்வீச்சு பட்டால் சத்தமிடும் கருவியோடு முதலில் சாலையோரம் போய் அளந்தார். எந்த மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும். அதற்குமேல் உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிறகு செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒரு கட்டமும் விடாமல் அளந்தார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் தேர்வுக் கூடத்தைச் சுற்றிவருவது போல இருந்தது. தரை, சுவர், கரைசல் அறை எல்லாம் தேறின. கடைசியாகக் கை கழுவும் தொட்டி, அதன் குழாய், சாக்கடை.

"ஆயித்து மேடம், முடிஞ்சுது" என்றார் வசுமதி. "இந்தத் தொட்டியில ஒண்ணுமே இல்ல. இவ்ளோ க்ளீனா நான் எங்கயும் பார்த்ததில்ல."

பழனிசாமி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் உறுத்தியது.

"சுத்தமாகத்தான் இருக்கும். அதில் யாரும் கை கழுவியதே இல்லை" என்றேன்.

"அண்ணி! அவங்களே போதும்ங்கறாங்க. நீங்க எதுக்குங்க கெளறிக்கிட்டு?"

"கிளறத்தான் 188 கிலோமீட்டர் வந்திருக்கிறேன்."

சங்கத் தலைவி ரத்னம்மா வாசலில் நின்றிருந்தார். முன்பு எங்களிடம் வேலை பார்த்தவர். வசுமதி அவரிடமே கேட்டார்.

"அந்தத் தொட்டியிலயா? வேல செய்யற எடத்துலயே வாய் கொப்பளிச்சா அப்புறம் சோறு எறங்குமாங்க? எல்லாரும் சொம்புத் தண்ணி மோந்துக்கிட்டுப் பொறத்தால கல்லுக்குத்தான் போவோம். இந்தா, இந்தப் பெரிய மேடமும் அங்கதான் கழுவுவாங்க."

உண்மை. தொட்டி சட்டத்துக்காகக் கட்டியது. சாப்பாட்டுக் கையை வெளியில் கழுவுவதுதான் நம் வழக்கம். கரைசலில் ஊறிய கைகள் ஆண்டுக்கணக்காகப் பின்சுவரோரம் ஒரு கருங்கல் மேல்தான் கழுவப்பட்டன. சோதனை வரைபடம் கட்டடப் பிளானைப் பார்த்துப் போட்டது. அந்தக் கல் கட்டடத்தில் சேர்ந்ததில்லையே; அது எப்படிப் பிளானில் வரும்?

வசுமதி கருவியைக் கல்லருகே கொண்டுபோனார். கடுகு தாளித்தது போல் அது படபடவென்று சத்தமிட்டது. கருங்கல்லிலேயே சிறிது கதிர்வீச்சு உண்டு என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க வாசல்படிக் கல்லையும் அளந்தார். அங்கே எப்போதாவது ஒரு சத்தம். இங்கே ஓயவில்லை.

"போச்சு" என்றார் பழனிசாமி. "இனி யாரு வாங்குவா?"

காப்பகம் இப்போதிருக்கும் வாடகை வீட்டை உகாதிப் பண்டிகைக்குள் காலி செய்தாக வேண்டும். அதனால் ரத்னம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தோண்டுங்கம்மா. புள்ளைங்க வந்தப்புறம் தெரிஞ்சிருந்தா நாங்க என்ன பண்றது?"

நல்லவேளை, கழிவுப் பீப்பாய்களை ஏற்றிப்போகும் லாரி இன்னும் வாசலில் நின்றது. வசுமதி அதை நிறுத்தி வைத்தார். லாரியோடு வந்த பணியாளர்கள் முகமூடி அணிந்து கல்லைப் பெயர்த்தார்கள், மண்ணை அடுக்கடுக்காக வெட்டி எடுத்தார்கள், ஒவ்வோர் அடுக்குக்கும் அளவு. முழங்கால் ஆழத்தில் கடுகு அடங்கியது. அக்கம்பக்கத்து மண்ணையும் பார்த்து, ஆய்வுக்கூடத்துக்கு மாதிரிகளை எடுத்து முடித்தபோது மாலை நான்கு மணி.

"மேடம், நீங்க எங்க டிபார்ட்மென்ட்ல சேர்ந்திருக்கலாம்" என்றார் வசுமதி.

"யாரும் கூப்பிடவில்லை" என்றேன்.

மூன்று வாரம் கழித்துப் பழனிசாமி தொலைபேசியில் கூவினார். "அண்ணி, விட்டுட்டாங்க! முழு எடமும், ஒரு நிபந்தனையும் இல்லாம! அன்னிக்கு நாங்கூடக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்..."

"கொஞ்சமில்லை, பழனிசாமி."

வென்றோம். ஒளிக்காமல் வென்றோம். எனக்கு அதில் பெருமை உண்டு. அடக்கமாக இருக்க இந்த வயதில் அவசியமில்லை.

இப்படிப்பட்ட பயணம் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைக்காதீர்கள். பழைய மருத்துவமனையோ, ஆய்வுக்கூடமோ, கதிர்வீச்சுப் பொருளைக் கையாண்ட இடம் எதை மூடினாலும் இப்படி ஒரு நாள் உண்டு. உரிமையாளர் என்றால் ஆளை அனுப்பாமல் நேரில் போங்கள். மூடிய செருப்பு போடுங்கள். உள்ளே எதுவும் சாப்பிடாதீர்கள். அங்கே வேலை பார்த்தவர் ஒருவரையாவது வரவழையுங்கள். எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே சாப்பிட்டார்கள், துணியை எங்கே உதறினார்கள் என்று அதிகாரியிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் அளப்பதில் கெட்டிக்காரர்; அங்கே வாழ்ந்தவர் இல்லை.

போன வாரம் ரத்னம்மா அழைத்தார். பின்னணியில் ஒரே கூச்சல். "மேடம், அந்தப் பின்சுவரோரம் புது மண்ணு கொட்டுனோமில்ல, எல்லாக் குட்டிகளும் அதுலயேதான் பொரளுதுங்க. உள்ள கூப்புட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது."

"விடு ரத்னம்மா, புரளட்டும்" என்றேன்.