லிஃப்டம்மா கற்ற மொழி

லிஃப்டம்மாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று யாராவது புகழ்ந்தால் மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிடும். தெரியாதது எக்கச்சக்கமாக இருந்தது. அதைப் பற்றி அந்த அம்மாளுக்குக் கொஞ்சம்கூட வெட்கம் கிடையாது, அதுதான் விஷயம்.

பட்டன்கள் வருவதற்கு முந்தைய காலத்து லிஃப்ட் அது. அலுவலகங்கள் நிறைந்த ஓர் உயரமான கட்டடத்தில் அதை ஓட்டுவதுதான் அவர் வேலை. மடக்கு இரும்புக் கதவு, பித்தளைக் கைப்பிடி, மூலையில் ஒரு முக்காலி. கைப்பிடியைச் சரியான சமயத்தில் விடாவிட்டால் லிஃப்ட் தரைக்கு ஒரு சாண் மேலேயோ கீழேயோ நின்று தொலைக்கும். அவர் ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டு காலெடுத்து வைக்கலாம். கணவர் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த முக்காலியில் உட்கார்ந்தபடியேதான் ஒரே மகனை ஆளாக்கிக் கப்பலில் மெக்கானிக்காக அனுப்பினார்.

ஏறுகிறவர்களிடம் ஏதாவது கேட்காமல் அவருக்குப் பொழுது போகாது. ஆனால் கேள்வியும் பதிலும் மாடி வருவதற்குள் முடிந்தாக வேண்டும். அதனால் அவர் படிப்பெல்லாம் துண்டும் துணுக்குமாகவே சேர்ந்தது. பல் கூசினால் என்ன செய்வது என்று பல் டாக்டரிடம் தெரிந்துகொண்டார், ஏன் கூசுகிறது என்பதற்குள் இரண்டாம் மாடி வந்துவிட்டது. வீட்டுக்காரர் திடுதிப்பென்று காலி செய்யச் சொல்லக் கூடாது என்று வக்கீல் சொன்னார், மீறிச் சொன்னால் எங்கே போய் நிற்பது என்று கேட்பதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார்.

ஐந்தாம் மாடியில் அயல்மொழிகள் சொல்லித்தரும் பள்ளி ஒன்று இருந்தது. லிஃப்டில் ஏறும்போது மாணவர்கள் ஒருவரையொருவர் அந்தந்த மொழியில் நலம் விசாரிப்பார்கள், இறங்கும்போது விடைபெற்றுக்கொள்வார்கள். லிஃப்டம்மா இரண்டையும் காதில் வாங்கி, நாக்கில் போட்டு, அச்சு அசலாகச் சொல்லப் பழகியிருந்தார். நான்கைந்து மொழிகளில் வரவேற்கத் தெரியும், வழியனுப்பத் தெரியும். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் உள்ளதெல்லாம் வகுப்பறைக்குள் நடந்தது.

ஏதோ ஒரு துறைமுகத்தில் காதலித்து, பதிவுத் திருமணமும் செய்துகொண்டு, மகன் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். அவள் பேசும் மொழி அந்த நான்கைந்தில் ஒன்று. லிஃப்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் திறந்ததும் மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வாங்க, நல்லா இருக்கீங்களா? உங்களப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்" என்றார், அவளுடைய மொழியிலேயே, ஒரு பிசிறில்லாமல்.

மருமகளுக்கு உயிர் வந்தது. பாஷை தெரியாத ஊரில் இப்படி ஒரு மாமியாரா! பயணம், பயம், அம்மாவைப் பிரிந்துவந்த கதை என்று மடை திறந்தாற்போலக் கொட்டித் தீர்த்தாள். லிஃப்டம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று கையிருப்பில் மீதமிருந்ததை எடுத்து வைத்தார்: "பத்திரமா போயிட்டு வாங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

வாசலிலேயே அவள் ஓவென்று அழுதுவிட்டாள். மகன் இரண்டு பக்கமும் மாறி மாறி விளக்கி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அவளும் கடைசியில் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. மகன் கப்பலேறிப் போனதும் இரண்டு அறை வீட்டில் இரண்டு பெண்களும் சைகையால் குடும்பம் நடத்தினார்கள். பசிக்குச் சைகை உண்டு, குளிருக்கு உண்டு. ஏக்கத்துக்கு என்ன சைகை காட்டுவது? கணவன் அடுத்த விடுப்பில் வந்ததும் தன்னைப் பிறந்த வீட்டிலேயே கொண்டுபோய் விடச் சொல்வது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். கட்டிலடியில் இருந்த பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

இதற்கிடையில் மாமியார் தினமும் விடிந்ததும் விடியாததுமாக வேலைக்குக் கிளம்பினார். கூடுதல் வேலை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒருநாள் காலை அவர் கண்ணாடியை அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்றே தெரியாது. அவள் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

லிஃப்டில் ஆளில்லை. முக்காலி மட்டும் இருந்தது. கோட்டு போட்டவர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே படியேறிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் கண்ணாடியைக் காட்டிச் சைகையில் கேட்டாள். அவர் மூச்சிரைக்க விரல்களை விரித்து ஐந்து என்று காட்டினார்.

ஐந்தாம் மாடியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, லிஃப்ட் சீருடையோடு மாமியார் நின்றுகொண்டிருந்தார். வாய்மொழித் தேர்வு. உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆசிரியை மருமகளின் மொழியில் கேட்டார். மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த மொழியில் பேச ஆரம்பித்தார். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. தப்பு வந்தால் நிறுத்தி, திருத்தி, மறுபடி சொன்னார்.

"என் வீட்டுல ரெண்டு ரூம். ஒண்ணுல என் மருமக இருக்கா. பெட்டிய அவ இன்னும் பிரிக்கல. போயிடுவாளோன்னு எனக்குப் பயம். அவ எங்கிட்ட மொத நாள் நிறைய பேசினா, எனக்கு ஒண்ணும் புரியல. அத மறுபடி கேக்கணும். அதுக்கப்புறமும் போகணும்னா நானே கொண்டுபோய் விடுவேன். ஆனா இருன்னு கேக்கறதுக்காவது எனக்குப் பேசத் தெரியணும்ல. அதுக்குத்தான் வந்தேன்."

மருமகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அந்த வீட்டில் காதில் விழுந்து விழுந்து ஒட்டிக்கொண்ட தமிழில் அவளுக்குச் சேர்ந்தாற்போல் சொல்ல வந்தது இவ்வளவுதான்:

"இந்தாங்கம்மா, கண்ணாடி."

அவளே மாட்டிவிட்டாள், அது ஒரு பக்கம் கோணலாக உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் லிஃப்டம்மா வீட்டுக்கு வந்தபோது காலிப் பெட்டி அலமாரிக்கு மேலே ஏறியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல், முதல் நாள் சொன்னதை மறுபடி சொல்லு என்று அவளுடைய மொழியில் கேட்டபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எழுத்துத் தேர்வில் அவர் கோட்டைவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த தடவையும் தேறவில்லை. மூன்றாம் தடவை தேறிய அன்று லிஃப்டில் ஏறியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் இறங்க முடிந்தது. அதோடும் விட்டாரா? லிஃப்டுக்குப் பட்டன் வந்து வேலை போனதும் நீச்சல் கற்றார். பேத்தி பிறந்த பிறகு கார் ஓட்டக் கற்றார், நிறுத்தினால் மட்டும் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் போகாமல் நிறுத்துவார். மருமகளை அதே ஐந்தாம் மாடியில் அவளுடைய மொழிக்கு ஆசிரியையாகச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

லிஃப்டம்மா காலமான பிறகு, அந்த வகுப்பறையிலேயே ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பல் டாக்டர் வந்தார், வக்கீல் வந்தார், நிற்க இடமில்லை. மருமகள் வாசலில் அழுத கதையைச் சொன்னபோது அறையே சிரித்தது. இப்படி ஒருத்தியை அம்மா என்று கூப்பிடக் கொடுத்துவைத்ததில் தனக்கு எவ்வளவு பெருமை என்று அவள் வெளிப்படையாகவே சொன்னாள். கடைசியாக மேசை மேலிருந்த படத்தின் பக்கம் திரும்பி, தன் சொந்த மொழியில், தெளிவாகச் சொன்னாள்:

"பத்திரமா போயிட்டு வாங்கம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்."